உள்ளாட்சித் தொழில்நுட்ப நிதியும் தரவுக் காவலும்: அவலூர்பேட்டை வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழக ஊராட்சிகளுக்குக் கணினியும் மென்பொருளும் இணைய இணைப்பும் கடந்த கால் நூற்றாண்டில் படிப்படியாக வந்து சேர்ந்தன. அவற்றை வாங்குவதற்கான நிதி மேலிருந்து வந்தது. அவற்றில் சேரும் ஆவணங்களைக் காப்பதற்கான நிதிக்குத் தனித் தலைப்பு ஏற்படவில்லை. இந்த இடைவெளி கணினியோடு தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டில் கிராமக் காவலுக்குரிய பங்கு களத்திலிருந்து நீக்கப்பட்டதிலிருந்தே தொடர்ந்து வருவது என்பதைப் பழைய செஞ்சி வட்டத்தின் அவலூர்பேட்டைப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஊராட்சி நிதி, மேரை, கர்ணம், நிதிக்குழு மானியம், மின்னணுக் கையொப்பம், இணையப் பாதுகாப்பு, விழுப்புரம் மாவட்டம்.

முன்னுரை

செஞ்சிக் கோட்டைக்கு வடமேற்கே, திருவண்ணாமலை செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் அவலூர்பேட்டை. ‘பேட்டை’ என்னும் பின்னொட்டு வணிகக் குடியிருப்பைக் குறிப்பது. இன்றும் சுற்றுவட்டார உழவர்கள் ‘கமிட்டி’ என்று வழங்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல்மூட்டைகள் வந்து இறங்கும் ஊர் இது. தென்னார்க்காடு மாவட்டத்தின் செஞ்சி வட்டத்தில் இருந்த இவ்வூர், 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இப்போது மேல்மலையனூர் ஊராட்சி ஒன்றியத்துக்கு உட்பட்ட கிராம ஊராட்சியாக உள்ளது. இதற்கு நகராட்சித் தகுதியில்லை. தகவல் தொழில்நுட்பப் பிரிவும் கிடையாது. ஆயினும் வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம், நலத்திட்டப் பயனாளிகள் பட்டியல், வங்கிக் கணக்கு விவரம் ஆகிய அனைத்தும் இன்று கணினி வழியாகவே கையாளப்படுகின்றன. இத்தகைய ஊராட்சிகள் தமிழகத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் உள்ளன. விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 688.

உள்ளாட்சி நிதி பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் பகிர்வு விழுக்காட்டையே பேசுகின்றன. மின்னாளுகை பற்றிய ஆய்வுகளோ சேவை எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதைப் பேசுகின்றன. ஓர் ஆவணத்தைக் காப்பதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது, அது எந்தக் கணக்கில் எழுதப்படும் என்னும் வினா இவ்விரண்டுக்கும் நடுவே விடுபட்டுள்ளது.

களத்து மேரையும் துப்புக்கூலியும்

காவலுக்குத் தனிப்பங்கு ஒதுக்கும் வழக்கம் தமிழகத்தில் பழையது. அறுவடைக் களத்தில் நெல் அளக்கப்படும்போதே தலையாரி, வெட்டியான், கர்ணம், நீர்க்கட்டி ஆகியோருக்குரிய மேரை பிரித்து வைக்கப்பட்டது. ஊர்க்காவல், திசைக்காவல் என இரு நிலைகளிலும் காவலர் தத்தம் பங்கைப் பெற்றனர். இம்முறையின் நிதியியல் இயல்பு கவனத்துக்குரியது. காவல் கூலி என்பது மிச்சத்திலிருந்து கொடுக்கப்பட்டதன்று. அரசின் பங்கும் உழவரின் பங்கும் முடிவாகும் முன்னரே எடுத்துவைக்கப்பட்டது.

இதைப் பொற்காலமாகச் சித்திரிப்பதற்கு இடமில்லை. பங்கு சாதியையும் பரம்பரையையும் பற்றியே நின்றது. காவல் பொறுப்பே மிரட்டலாக மாறியதும் உண்டு. களவுபோன கால்நடையை மீட்க அதன் உடைமையாளர் கொடுக்க வேண்டியிருந்த ‘துப்புக்கூலி’ பற்றி டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் வெளியான மதுரை மாவட்ட விவரச்சுவடியில் பதிவுசெய்துள்ளார். கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் இன்றைய ‘ரான்சம்வேர்’ தாக்குதலுக்கு நிகரான பழந்தமிழ்ச் சொல் வேண்டுமெனில், அகராதியில் தேடுவதைவிட இந்தச் சுவடியில் தேடுவதே பயன்தரும்.

கும்பினி ஆட்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திசைக்காவல் உரிமைகளை நீக்கியது. 1859ஆம் ஆண்டுக் காவல் சட்டம் காவற்பணியை மாகாண அரசின் துறையாக்கியது. கிராமப் பணியாளரின் மேரைக்கு மாற்றாக 1864ஆம் ஆண்டின் 4ஆம் சட்டம் கிராமத் தீர்வையை ஏற்படுத்தியது. தானியப் பங்கு, நிலவரியின்மீது விதிக்கப்படும் பணத் தீர்வையாக மாறிற்று. அத்தீர்வையும் 1906இல் கைவிடப்பட்டது. களத்தில் கண்ணுக்குத் தெரிந்த பங்கு முதலில் தீர்வையாகி, பிறகு அரசின் பொது வருவாய்க்குள் கரைந்தது. அதன்பின் கிராமக் காவலுக்கு எவ்வளவு செலவிடுவது என்பதை ஊர் முடிவுசெய்யவில்லை.

சாலைக்கு நிதி, ஏட்டுக்கு வீடு

ரிப்பன் பிரபு 1882 மே 18 அன்று வெளியிட்ட தீர்மானத்தைத் தொடர்ந்து வந்த 1884ஆம் ஆண்டுச் சென்னைத் தல வாரியச் சட்டம் மாவட்ட வாரியம், வட்ட வாரியம், யூனியன் பஞ்சாயத்து என்னும் மூன்றடுக்கை அமைத்தது. நிலத் தீர்வையும் வீட்டுவரியும் அவற்றின் வருவாயாயின. சாலை, மருத்துவமனை, பள்ளி, துப்புரவு ஆகியன செலவினங்களாயின. ஆவணப் பாதுகாப்பு இப்பட்டியலில் இடம்பெறவில்லை. அதற்குக் காரணம் எளியது: கிராமத்தின் முதன்மை ஆவணங்கள் வருவாய்த்துறையைச் சேர்ந்தவை, அவற்றை வைத்திருந்தவர் கர்ணம், அவை இருந்த இடம் பெரும்பாலும் அவரது வீடு.

கர்ணத்தின் வீட்டுப் பெட்டியே நூறாண்டுக்கும் மேலாகக் கிராமத் தரவகமாக விளங்கியது. அதைக் காக்க அரசு தனியே செலவிடவில்லை. அச்செலவின்மைக்குக் குடிகள் வேறு வகையில் விலை கொடுத்தனர். அடங்கலில் யார் பெயர் எழுதப்பட்டது என்பதை அறிவதற்கே கர்ணத்தின் தயவு வேண்டியிருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு அவசரச் சட்டத்தின்மூலம் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. 1981இல் அது சட்டமாயிற்று. 1982இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. பரம்பரைக் காப்பாளரின் இடத்துக்குத் தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இது பெரும் சமூக மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆவணம் காப்பவரின் பொறுப்பில் இருக்கும். காப்புச் செலவு தனியே கணக்கிடப்படாது என்னும் நடைமுறை அம்மாற்றத்தைத் தாண்டியும் நீடித்தது.

ஊராட்சிகளின் நிலை இதனினும் மெலிந்தது. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வீட்டுவரி வசூலுக்கு இணையான மானியத்தை அரசு வழங்கும் முறையை ஏற்படுத்தியது. கூடுதலாக வசூலிக்கும் ஊருக்குக் கூடுதல் மானியம் கிடைத்தது. மானாவாரி நிலங்கள் மிகுந்த, ஓட்டுவீடும் கூரைவீடும் நிறைந்த செஞ்சி வட்டாரத்துக்கு இம்முறை சாதகமானதன்று. இணைமானியம் திறமைக்குப் பரிசு என்று சொல்லப்பட்டது. நடைமுறையில் அது பெரும்பாலும் வசதிக்குப் பரிசாகவே அமைந்தது எனலாம்.

கணக்கு எழுத வந்த கணினி

அரசியலமைப்பின் 73ஆம் திருத்தத்தையொட்டி 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே கணினிக்கான மத்திய நிதி கிராமத் தரவுகளை நோக்கி வரத் தொடங்கியிருந்தது. ஆனால் அது ஊராட்சிக்கு வரவில்லை. 1988-89இல் தொடங்கிய நில ஆவணக் கணினிமயத் திட்டத்தின் பயன் வட்டாட்சியர் அலுவலகத்தைச் சென்றடைந்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘ஸ்டார்’ திட்டம் சார்பதிவாளர் அலுவலகங்களைக் கணினிமயமாக்கியது. வரி ஈட்டும் துறைகளும் உரிமைப்பதிவுத் துறைகளும் முதலில் கருவி பெற்றன. 19ஆம் நூற்றாண்டின் முன்னுரிமை வரிசையும் இதுவே.

ஊராட்சிக்கான முதல் தெளிவான ஒதுக்கீடு பதினோராவது நிதிக்குழுவினுடையது (2000-05). கணக்குப் பராமரிப்புக்கென ஊராட்சி ஒன்றுக்கு ஆண்டுக்குச் சராசரி 4,000 ரூபாயும், உள்ளாட்சி நிதித் தரவுத்தளம் உருவாக்க நாடு முழுமைக்கும் 200 கோடி ரூபாயும் அது பரிந்துரைத்தது. கணக்கு வடிவங்களை வகுக்கும் பொறுப்பு இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரிடம் விடப்பட்டது. பன்னிரண்டாவது நிதிக்குழு (2005-10) ஊராட்சிகளுக்கு 20,000 கோடி ரூபாய் வழங்கியது. அதில் தமிழகத்தின் பங்கு 870 கோடி. நவீனத் தொழில்நுட்பத்தின் துணையுடன் தரவுத்தளம் அமைப்பதற்கும் கணக்குப் பராமரிப்புக்கும் முன்னுரிமை தர வேண்டுமென அது வலியுறுத்தியது. பதின்மூன்றாவது குழு, மானியம் மாநிலத்துக்கு வந்த ஐந்து நாள்களுக்குள் மின்னணு முறையில் உள்ளாட்சிக்கு மாற்றப்பட வேண்டும் என்று நிபந்தனையிட்டது. பதினைந்தாவது குழு தணிக்கை செய்யப்பட்ட கணக்கை இணையத்தில் வெளியிடுவதை மானியம் பெறுவதற்கான நுழைவு நிபந்தனையாகவே ஆக்கிற்று. 2021-26 காலத்துக்கு அக்குழு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த தொகை 2,36,805 கோடி ரூபாய்.

இந்த வரிசையைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். ஒவ்வொரு குழுவும் தொழில்நுட்பத்தைக் கேட்டது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கேட்டது. இந்நோக்கம் தவறானதன்று, கொடுக்கப்பட்ட பணத்துக்குக் கணக்குக் கேட்பது முறையே. ஆனால் பார்க்கும் வசதிக்கு நிபந்தனையும் காக்கும் பணிக்கு மௌனமும் என்றால், அதன் சுமை கடைநிலையில் இறங்கும்.

அது எங்கே இறங்குகிறது என்பதைத் தமிழக ஊராட்சிகளின் மூன்று கணக்கு முறை தெளிவாக்குகிறது. முதற்கணக்கு ஊராட்சியின் பொதுநிதி. இரண்டாம் கணக்கு மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் செலுத்த வேண்டிய கட்டணங்களுக்குரியது. மூன்றாம் கணக்கு திட்ட நிதிக்குரியது. மின்கட்டணம் நிலுவையாகித் தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் நின்றுபோகக் கூடாது என்பதற்காகவே இரண்டாம் கணக்கு தனியே வகுக்கப்பட்டது. ஒரு செலவு தவிர்க்க முடியாதது என்று அரசு கருதினால் அதற்குத் தனிக்கணக்கு திறக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. ஆண்டிவைரஸ் மென்பொருளின் ஆண்டுச் சந்தா, பழுதான கணினியின் பராமரிப்பு, காப்புப்படி எடுத்துவைக்கும் வன்தட்டு, இணையக் கட்டணம் ஆகியவற்றுக்கு அப்படியொரு கணக்கு இல்லை. அவை முதற்கணக்கிலிருந்து செலவிடப்பட வேண்டியவை. துப்புரவுப் பொருள், குழாய்ப் பழுது, தெருவிளக்குப் பழுது ஆகியனவும் அதே கணக்கில்தான் நிற்கின்றன. கோடையில் மோட்டார் எரிந்துபோன ஊரில் எந்தத் தலைவரும் முதலில் மென்பொருள் சந்தாவைப் புதுப்பிக்கமாட்டார். புதுப்பித்தால் கிராம சபையில் அதற்கு விடை சொல்ல வேண்டியிருக்கும்.

மூலதனச் செலவுக்கு இந்தத் தட்டுப்பாடு இல்லை. ராஷ்ட்ரிய கிராம ஸ்வராஜ் அபியான் 2018இல் 7,255.50 கோடி ரூபாய் மதிப்பீட்டிலும், அதன் திருத்திய வடிவம் 2022இல் 5,911 கோடி ரூபாய் மதிப்பீட்டிலும் ஒப்புதல் பெற்றன. ஊராட்சிகளுக்குக் கணினி வழங்குதலும் பயிற்சியும் அவற்றின் கூறுகள். ஊராட்சிகள் அனைத்தையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தைத் தமிழகத்தில் நிறைவேற்ற 2018இல் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் உருவானது. திட்டமதிப்பு சுமார் 1,815 கோடி ரூபாய். கம்பி போடுவது திறப்புவிழாவுக்குரிய செலவு. கடவுச்சொல்லை மாற்றக் கற்றுக்கொடுப்பதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது.

தலைவர் இல்லாத ஊரில் தலைவரின் கையொப்பம்

2016 அக்டோபரில் தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. புதிய தேர்தல் நடைபெறாமல் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும், அந்த நவம்பரில் கள்ளக்குறிச்சி பிரிக்கப்பட்டதால் மறுவரையறைக்கு உள்ளான விழுப்புரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. அங்கே 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில்தான் வாக்குப்பதிவு நிகழ்ந்தது. ஆக, அவலூர்பேட்டை போன்ற ஊராட்சிகள் ஐந்தாண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றி இருந்தன. தேர்தல் நடைபெறாமையால் பதினான்காவது நிதிக்குழு மானியத்தின் ஒரு பகுதி தமிழகத்துக்கு விடுவிக்கப்படாமல் நின்றதும் இக்காலத்திலேதான்.

உள்ளாட்சி மின்னாளுகையின் மிகப்பெரிய மாற்றம் இந்த வெற்றிடத்துக்கு நடுவே வந்தது. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட இ-கிராம்ஸ்வராஜ் தளம், அதற்கு முன் தனித்தனியே இயங்கிய திட்டமிடல், கணக்கியல் மென்பொருள்களை ஒன்றிணைத்தது. பொது நிதி மேலாண்மை அமைப்போடு இணைந்து, நிதிக்குழு மானியச் செலவைக் காசோலையிலிருந்து மின்னணுக் கையொப்பத்துக்கு மாற்றியது. தமிழகச் சட்டப்படி ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் இணைந்து கையெழுத்திட வேண்டும். இருவரில் ஒருவர் மறுத்தால் பணம் நகராது. ஊர் அரசியலின் பூசல்கள் பலவும் இந்த இரட்டைக் கையெழுத்தைச் சுற்றியே எழுந்தன என்றாலும், அதுவே காவலாகவும் இருந்தது. மின்னணு முறையில் அக்கையெழுத்து விரல்நீளச் சாதனமொன்றிலும் கடவெண் ஒன்றிலும் அடங்கிவிட்டது. கையெழுத்தை இரவல் கொடுக்க இயலாது. சாதனத்தை இரவல் கொடுக்கலாம்.

தமிழக ஊராட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடும் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படியும் இடஒதுக்கீடு உள்ளது. இச்சூழலில் கடவுச்சொல் எவர் கையில் என்பது வெறும் தொழில்நுட்ப வினாவன்று. தலைவரின் சாதனம் கணவரிடமோ, முன்னாள் தலைவரிடமோ, ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரேயுள்ள கணினி மையத்திலோ இருக்குமானால், அங்கே இழக்கப்படுவது தரவு மட்டுமல்ல, பதவியே. பயிற்சிக்கும் நம்பகமான இயக்குநருக்கும் ஒதுக்கப்படாத நிதியின் விலையை முதன்முறை தலைமைக்கு வந்தவர்கள் கொடுக்க நேர்கிறது.

2020: விலை கொடுத்தவர்கள்

இந்த அச்சம் கற்பனையன்று என்பதை அதே ஆண்டு நிகழ்ந்த பிரதமர் கிசான் நிதி முறைகேடு காட்டியது. அது ஊராட்சியின் திட்டமன்று. வேளாண்துறை வழியே நடைபெறும் மத்தியத் திட்டம். ஆனால் அது நிகழ்ந்த களம் இதே விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் கடலூரும் உள்ளிட்ட மாவட்டங்களே. நிகழ்ந்த முறை இக்கட்டுரையின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. அலுவலர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒப்பந்தப் பணியாளர், கணினி மையத்தினர், தரகர் ஆகியோரின் கைகளுக்குச் சென்றன. நிலமற்றோரும் தகுதியற்ற பிறரும் உழவர்களாகப் பதிவுசெய்யப்பட்டனர். 2020 ஆகஸ்ட்டில் வெளிச்சத்துக்கு வந்த இம்முறைகேட்டில் மாநில அளவில் சுமார் 5.5 லட்சம் தகுதியற்ற பெயர்கள் சேர்க்கப்பட்டதாகவும், 110 கோடி ரூபாய் வழங்கப்பட்டதாகவும் அரசே அறிவித்தது. குற்றப்பிரிவு குற்றப்புலனாய்வுத் துறை விசாரித்தது, கைதுகளும் பணிநீக்கங்களும் நிகழ்ந்தன, கடவுச்சொற்கள் மாற்றப்பட்டன.

அடுத்து நடந்ததே ஆய்வாளரின் கவனத்துக்குரியது. பணம் பயனாளிகளின் வங்கிக் கணக்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தவணை ஒன்றுக்கு 2,000 ரூபாய் என்னும் அத்தொகை, கொரோனா உதவி என்று நம்பவைக்கப்பட்டுத் தரகரிடம் ஆதார் நகலையும் கணக்கு எண்ணையும் கொடுத்தோரின் பெயரில் வரவு வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு பகுதியைத் தரகர் முன்பே பெற்றுக்கொண்டிருந்தார். எனவே தரகர் எடுத்த பங்கையும் சேர்த்துத் திருப்பிச் செலுத்தும் நிலைக்கு ஏழைகள் தள்ளப்பட்டனர். இதில் மறையாக்கத்தை உடைக்கும் வித்தை எதுவும் தேவைப்படவில்லை. ஒருவருக்குரிய கடவுச்சொல் பலருக்குத் தெரிந்திருந்தது. ஒப்புதல் தரும் பணிக்கு உரிய ஆள் இல்லாத அலுவலகத்தில் அது இயல்பான ஏற்பாடாக இருந்தது. இணையப் பாதுகாப்பு என்பது ஊரக நிர்வாகத்தில் முதற்கண் ஆள்பலத்துக்கான நிதி; கருவிக்கான நிதி அதற்கு அடுத்தது.

எதன் பத்து விழுக்காடு?

கொள்கை அளவில் குறை சொல்ல அதிகமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் 2004 முதல் இயங்கும் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு, 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையில், பாதுகாப்பு மீறல்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென அரசு அமைப்புகளுக்கும் கட்டளையிட்டது. தமிழக அரசு 2020இல் இணையப் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது. மறுஆண்டு செப்டம்பரில் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கணினிகளே பிணைப்பணத் தாக்குதலுக்கு உள்ளாயின. கேட்கப்பட்ட தொகை 1,950 டாலர். துறைதோறும் தகவல் தொழில்நுட்பச் செலவில் 10 விழுக்காட்டை இணையப் பாதுகாப்புக்கு ஒதுக்குமாறு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அறிவுறுத்தி வந்துள்ளது.

ஊராட்சியைப் பொறுத்தவரை இந்தப் பத்து விழுக்காடு பொருளற்றது. தகவல் தொழில்நுட்பம் என்னும் செலவுத் தலைப்பே இல்லாத வரவுசெலவுத் திட்டத்தில் எதன் பத்து விழுக்காட்டை எடுப்பது? கணினி ஒன்றியம் வழியே பொருளாக வருகிறது. மென்பொருள் தில்லியிலிருந்து இலவசமாக வருகிறது. இணைப்பு ஒரு நிறுவனத்தின் கணக்கில் வருகிறது. ஊராட்சியின் ஏட்டில் அச்செலவு தோன்றுவதேயில்லை. தோன்றாத செலவின் விழுக்காடு சுழியமே.

அமெரிக்க அனுபவம் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. அட்லாண்டா நகராட்சி 2018 மார்ச்சிலும் பால்டிமோர் 2019 மே மாதத்திலும் பிணைப்பணத் தாக்குதலால் முடங்கின. பால்டிமோருக்கு நேர்ந்த செலவும் வருவாய் இழப்பும் சுமார் 1.8 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டன. 2021 நவம்பரில் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம், மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் இணையப் பாதுகாப்புக்கென்றே நான்காண்டுகளுக்கு 100 கோடி டாலரை ஒதுக்கியது. மாநிலம் பெறும் தொகையில் 80 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குச் செல்ல வேண்டும். 25 விழுக்காடு ஊரகப் பகுதிகளைச் சேர வேண்டும் என்பன நிபந்தனைகள். பணமாகவே தர வேண்டியதில்லை. உள்ளாட்சியின் இசைவோடு பொதுச் சேவையாகவும் தரலாம். சிற்றூர்களுக்கு இதுவே ஏற்றது. ஒவ்வோர் ஊரும் ஒரு வல்லுநரை அமர்த்த இயலாது. ஆயின் அத்திட்டத்திலும் இணைநிதிப் பங்கு முதலாண்டில் 10 விழுக்காடாகத் தொடங்கி நான்காம் ஆண்டில் 40 விழுக்காடாக உயர்ந்தது. 1958ஆம் ஆண்டு வீட்டுவரி இணைமானியத்தை அறிந்தோர்க்கு இதன் விளைவை ஊகிப்பது கடினமன்று.

தமிழகத்தில் இதற்குப் புதிய நிறுவனம் தேவையில்லை. ஊராட்சி ஒன்றியம் என்னும் அடுக்கு 1960களின் தொடக்கம் முதல் இருக்கிறது. பொறியாளர், கணக்கர், கணினி இயக்குநர் ஆகியோர் அங்கே பணிபுரிகின்றனர். ஒன்றியத்துக்கு ஒரு தரவுக் காப்பாளர் பணியிடமும், ஊராட்சிகளின் பெயரில் முன்பிடித்தமாக எடுத்துவைக்கப்படும் சிறு தொகையும் மாநில நிதிக்குழுப் பகிர்விலிருந்தே சாத்தியம். ஐந்தாவது மாநில நிதிக்குழுவின் காலம் வரை மாநிலத்தின் சொந்த வரிவருவாயில் உள்ளாட்சிக்குரிய பங்கு 10 விழுக்காடாக இருந்துவந்துள்ளது. அப்பங்கிலிருந்து முன்பிடித்தம் செய்வது பழகிய நடைமுறை. இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. முன்பிடித்தம் என்பது ஊராட்சியின் தன்னுரிமையை மேலும் குறைக்கும்; ஏற்கெனவே மேலிடத்தில் முடிவாகும் கொள்முதல்களைப் பற்றித் தலைவர்கள் முறையிடுவது பொய்யன்று. மேரையிலும் இதே இருமை இருந்தது. பங்கு முன்கூட்டி எடுக்கப்பட்டது, ஆனால் ஊர்க்களத்தில், அனைவர் கண்முன்னும் அளக்கப்பட்டது. கிராம சபையின் வரவுசெலவு வாசிப்பில் அத்தொகையும் அதற்குப் பெற்ற சேவையும் தனி வரியாக இடம்பெறுமாயின் அவ்வெதிர்ப்பின் கூர்மை குறையும்.

2023 முதல் ஊராட்சிகளின் வரிவசூலும் இணையவழிக்கு மாற்றப்பட்டுள்ளது. கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு இனித் தாளில் இருக்காது. அதே ஆண்டு இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வைத்திருப்போர்மீது காப்புக் கடமையைச் சுமத்துகிறது. 27 மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து மீண்டும் தனி அலுவலர்கள் வந்தனர். விழுப்புரம் மாவட்டத்தில் 2021இல் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. அப்போது ஒவ்வொரு ஊராட்சியிலும் பதிவேடுகளும் சாவிகளும் கையொப்பச் சாதனமும் கைமாற வேண்டும். பதிவேட்டுக்கும் சாவிக்கும் ஒப்புகைப் பட்டியல் உண்டு. கடவுச்சொல்லுக்கு அப்பட்டியலில் இன்னும் நிரல் ஏற்படவில்லை.